ஒரே கம்பெனியை நம்பி கான்ட்ராக்ட் தொழிலா? வரிக் கணக்கில் நீங்கள் கவனிக்க வேண்டியவை

பிச்சாவரம் அலையாத்திக் காட்டைப் பார்க்க வருகிறவர்கள் சிதம்பரத்தில் இருந்து கிள்ளை வழியாகப் படகுத்துறைக்குப் போவார்கள். அதே சாலையில் காலை நேரத்தில் எதிர்த்திசையில் ஒரு கூட்டம் பைக்கில் போவதையும் பார்க்கலாம். கடலூர் சிப்காட், நெய்வேலி, சிதம்பரம் என்று வேலைக்குப் போகிறவர்கள் அவர்கள். அதில் சிலர் சம்பளக்காரர்கள் அல்ல. பம்பு பராமரிப்பு, வெல்டிங், எலெக்ட்ரிக்கல், கணினிப் பராமரிப்பு, கணக்கு எழுதுதல் என்று சொந்தமாக ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறவர்கள்.

உதாரணத்துக்கு அப்படி ஒருவரை வைத்துக்கொள்வோம். பத்து வருடமாக ஒரே ஆலைக்கு பம்பு பராமரிப்பு செய்கிறார். ஒரு நாள் ஆலையில், "தனிநபர் பேரில் இனிமே ஆர்டர் தர முடியாதுங்க, கம்பெனியா பதிவு பண்ணிட்டு வாங்க" என்றார்கள். அவரும் 'ஒரு நபர் நிறுவனம்' ஒன்றைப் பதிவு செய்தார். மாதம் 2,00,000 ரூபாய் பில். வேறு வாடிக்கையாளர் யாரும் இல்லை. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று மாதப் பில்லுக்கும் பணம் வரவில்லை. ஏப்ரலில் ஆடிட்டர் போன் செய்து, "வரி கட்டணும்" என்கிறார். "பணமே வரலையே சார், எதுக்கு வரி?" என்று இவர் கேட்கிறார்.

நியாயமான கேள்விதான். ஆனால் சட்டத்தின் பதில் வேறு. கம்பெனி ஆரம்பித்த அன்றே அவருடைய வரிக் கணக்கின் விதிகள் மாறிவிட்டன. வருமானம் முழுவதும் ஒரே இடத்தில் இருந்து வருவதால், அந்த ஒரு இடத்தில் ஏற்படும் தாமதமும் தவறும் அப்படியே இவர் தலையில் விழுகின்றன. நீங்களும் இப்படித் தொழில் செய்கிறவர் என்றால், எங்கே ஆபத்து இருக்கிறது, கைபேசியிலேயே எதையெல்லாம் சரிபார்க்கலாம் என்று பார்ப்போம். இங்கே சொல்லப்படும் விகிதங்கள் 2025-26 நிதியாண்டுக்கானவை.

கம்பெனி வேறு, நீங்கள் வேறு

2013 ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம்தான் ஒரே ஒருவர் உறுப்பினராக இருக்கும் 'ஒரு நபர் நிறுவனம்' என்ற முறையைக் கொண்டுவந்தது. முன்பு மூலதனம் 50 லட்சம், விற்றுமுதல் 2 கோடி என்ற வரம்பு இருந்தது. 2021 ஏப்ரல் 1 முதல் அந்த வரம்பு நீக்கப்பட்டுவிட்டது. அதனால் சிறு ஒப்பந்தக்காரர்கள் பலர் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

பதிவு செய்தவுடன் மூன்று விஷயங்கள் மாறுகின்றன.

முதலாவது, கம்பெனிக்குத் தனி பான் எண், தனி வங்கிக் கணக்கு, தனி ஜி.எஸ்.டி. எண் வேண்டும். உங்கள் சொந்தப் பெயரில் இருந்த பழைய ஜி.எஸ்.டி. எண்ணில் கம்பெனி பில் போட முடியாது.

இரண்டாவது, தனிநபருக்குக் கிடைத்த சுலபக் கணக்கு முறை போய்விடும். தனிநபர் ஒப்பந்தக்காரர் வருமான வரிச் சட்டப் பிரிவு 44ஏடி-யின் கீழ், வங்கி வழியாக வந்த தொகையில் குறைந்தது 6 சதவீதத்தை லாபமாகக் காட்டி எளிய ரிட்டர்ன் தாக்கல் செய்யலாம். பொறியியல், கணக்கியல் போன்ற தொழில்முறைச் சேவை என்றால் பிரிவு 44ஏடிஏ-யின் கீழ் 50 சதவீதம். இந்த இரண்டு பிரிவுகளும் கம்பெனிக்குப் பொருந்தாது.

மூன்றாவது, விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் கம்பெனிக்கு ஆடிட் கட்டாயம். ஆண்டுக் கணக்கையும் ஆண்டு அறிக்கையையும் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். வேலையே இல்லாத வருடத்துக்கும் இது உண்டு.

வாடிக்கையாளர் சொன்னார் என்பதற்காக மட்டும் கம்பெனி ஆரம்பிக்க நினைக்கிறவர்கள், முதலில் இந்தச் செலவைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

ஆபத்து 1: பணம் கைக்கு வரும் முன்பே வரி

நம் உதாரணக்காரரின் கணக்கைப் பார்ப்போம். மாதம் 2,00,000 ரூபாய் பில். 18 சதவீத ஜி.எஸ்.டி. 36,000. மொத்தம் 2,36,000. சேவைத் தொழிலில் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். இவருக்கு 24 லட்சம் வருகிறது.

ஜி.எஸ்.டி. சட்டப்படி பில் தேதி, பணம் வந்த தேதி இரண்டில் எது முந்தியதோ அதுதான் வரிக்குக் கணக்கு. பில் போட்டாச்சு என்றால், பணம் வந்தாலும் வராவிட்டாலும் வரி கட்ட வேண்டும். மூன்று மாதப் பில்லுக்கு 7,08,000 ரூபாய் வராமல் நிற்கிறது. ஆனால் 1,08,000 ரூபாய் ஜி.எஸ்.டி.யை, உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொண்டு, கைக்காசில் இருந்து கட்ட வேண்டும். தாமதித்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி, அதோடு தாமதக் கட்டணம்.

வருமான வரியிலும் இதே கதைதான். கம்பெனிகள் சட்டப்படி கணக்கை 'வர வேண்டியது வருமானம்' என்ற அடிப்படையில்தான் எழுத வேண்டும். அதனால் வராத 6 லட்சமும் இந்த ஆண்டின் வருமானமாகச் சேர்ந்துவிடும். பிற்காலத்தில் அந்தப் பணம் வரவே வராது என்று ஆனால், வாராக்கடனாக எழுதித் தள்ளி வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் பணம் வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக, கட்டிய ஜி.எஸ்.டி. திரும்பக் கிடைக்காது.

பத்து வாடிக்கையாளர் இருந்து அதில் ஒருவர் தாமதித்தால் மற்ற ஒன்பது பேரின் பணத்தில் சமாளிக்கலாம். ஒருவரே இருந்தால் அந்த வழி கிடையாது. அதனால் பில் தொகை வந்ததும் ஜி.எஸ்.டி. பங்கை அன்றே தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அது உங்கள் பணம் அல்ல. அதோடு, மூன்று மாத ஜி.எஸ்.டி. அளவுக்கு ஒரு இருப்பை எப்போதும் தொடாமல் வைத்திருங்கள்.

தாமதப் பணத்தை வாங்கச் சட்டம் தரும் பிடி

"பெரிய கம்பெனிகிட்ட போய் நாம என்னத்த கேட்கிறது?" என்று நினைக்காதீர்கள். உங்களிடம் சில உரிமைகள் இருக்கின்றன.

உத்யம் பதிவு: மத்திய அரசின் உத்யம் இணையதளத்தில் ஆதார், பான் வைத்துக் கைபேசியிலேயே பதிவு செய்யலாம். கட்டணம் கிடையாது. பணம் கேட்கிற தனியார் இணையதளங்களிடம் ஏமாறாதீர்கள். 2025 ஏப்ரல் 1 முதல், முதலீடு 2.5 கோடிக்குள்ளும் விற்றுமுதல் 10 கோடிக்குள்ளும் இருந்தால் அது குறுந்தொழில்.

45 நாள் விதி: 2006 ஆம் ஆண்டு குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள், அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டியாகத் தர வேண்டும்.

வாடிக்கையாளருக்கு வரி நெருக்கடி: வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற உட்பிரிவு 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தைக் கெடுவுக்குள் தராவிட்டால், அந்தச் செலவை வாடிக்கையாளர் பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்க முடியும். அதேபோல் 180 நாளுக்குள் உங்களுக்குப் பணம் தராவிட்டால், உங்கள் பில்லை வைத்து அவர் எடுத்த ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரியை வட்டியோடு திருப்ப வேண்டும். இந்த இரண்டையும் மரியாதையாக ஒரு மின்னஞ்சலில் நினைவூட்டினாலே பல கணக்குப் பிரிவுகள் பில்லை மேலே எடுத்து வைக்கும்.

இதற்கும் அசையவில்லை என்றால், இணையவழியில் புகார் பதியலாம். அது மாநில அரசின் வசதியாக்க மன்றத்துக்குப் போகும். வழிகாட்டுதலுக்குக் கடலூரில் உள்ள மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம்.

ஒரு எச்சரிக்கை: உத்யம் எண்ணை ஒப்பந்தத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள். பிரச்சினை வந்த பிறகு பதிவு செய்தால் பழைய பில்லுக்குப் பலன் கிடைப்பது சிக்கல்.

ஆபத்து 2: பிடித்த டி.டி.எஸ். அரசுக்குப் போனதா?

வாடிக்கையாளர் உங்கள் பில்லில் வரியைப் பிடித்துக்கொண்டுதான் பணம் தருவார். பிரிவு 194சி-யின் கீழ் ஒப்பந்த வேலைக்குத் தனிநபர் என்றால் 1 சதவீதம், கம்பெனி என்றால் 2 சதவீதம். தொழில்முறைக் கட்டணம் என்றால் பிரிவு 194ஜே-யின் கீழ் 10 சதவீதம். தொழில்நுட்பச் சேவைக் கட்டணம் என்றால் 2 சதவீதம். பில்லில் ஜி.எஸ்.டி.யைத் தனியாகக் காட்டியிருந்தால் அந்தப் பங்கின் மீது பிடித்தம் கூடாது.

நம் உதாரணத்தில் மாதம் 4,000, ஆண்டுக்கு 48,000 ரூபாய். அது உங்கள் வரிக்கான முன்பணம். ஆனால் அதை அரசுக்குக் கட்ட வேண்டியவர் வாடிக்கையாளர். ஒரே வாடிக்கையாளர் என்றால் உங்கள் முழு டி.டி.எஸ்.ஸும் அவர் ஒருவரின் ஒழுங்கை நம்பியே இருக்கிறது.

வழக்கமாக நடக்கும் தவறுகள் மூன்று.

* கம்பெனி ஆரம்பித்த பிறகும் ஆலையின் கணக்குப் பிரிவு உங்கள் பழைய சொந்த பான் எண்ணிலேயே பிடித்தத்தைக் காட்டுவது. வரி ஒரு பெயரில், வருமானம் இன்னொரு பெயரில் நிற்கும்.
* மார்ச் பில்லை நீங்கள் மார்ச்சில் வருமானமாகக் காட்ட, அவர் ஏப்ரலில் கணக்கில் ஏற்றுவது. டி.டி.எஸ். அடுத்த ஆண்டுக்குப் போய்விடும்.
* பிடித்துவிட்டுக் கட்டாமலே இருப்பது. பணக் கஷ்டத்தில் இருக்கும் நிறுவனங்களில் இது முதல் அறிகுறி.

வாடிக்கையாளர் டி.டி.எஸ். அறிக்கையைக் காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்ய வேண்டும். கடைசி நாள் ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31, மே 31. ஒவ்வொரு தேதிக்கும் பிறகு ஒரு வாரம் கழித்து, வருமான வரி இணையதளத்தில் உங்கள் கம்பெனியின் 26ஏஎஸ் படிவத்தையும், ஏ.ஐ.எஸ். என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையையும் திறந்து பாருங்கள். ஒவ்வொரு பில்லும் அதில் இருக்கிறதா என்று டிக் செய்யுங்கள். இல்லையென்றால் அன்றே எழுத்தில் கேளுங்கள்.

பிடித்ததை வாடிக்கையாளர் கட்டாவிட்டால் அதை உங்களிடம் நேரடியாக வசூலிக்கக் கூடாது என்று சட்டத்தின் பிரிவு 205 சொல்கிறது. இப்படிப்பட்ட கேட்புத் தொகையைக் கட்டாயமாக வசூலிக்க வேண்டாம் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2015 இல் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியும் இருக்கிறது. ஆனால் பிடித்தார்கள் என்பதற்கு ஆதாரம் உங்களிடம் இருக்க வேண்டும். பில் நகல், பேமெண்ட் அட்வைஸ், வங்கிக் கணக்கு விவரம், வாடிக்கையாளர் கையொப்பமிட்ட கணக்கு உறுதிச் சீட்டு நான்கையும் சேர்த்து வையுங்கள்.

அரசுத் துறைக்கோ பொதுத்துறை நிறுவனத்துக்கோ வேலை செய்தால் இன்னொன்றும் உண்டு. ஒப்பந்த மதிப்பு 2.5 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி.யிலும் 2 சதவீதம் பிடிப்பார்கள். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் நீங்கள் அதை ஏற்றுக்கொண்டால்தான் உங்கள் மின்னணு ரொக்கக் கணக்குக்கு வரும். பலர் இதைப் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள்.

ஆபத்து 3: கம்பெனிப் பணத்தை வீட்டுச் செலவுக்கு எடுப்பது

"என் கம்பெனி, என் பணம்" என்று ஏ.டி.எம்.மில் எடுத்துக் கல்லூரிக் கட்டணமும் மளிகைக் கடனும் கட்டுவது பெரிய சிக்கலைக் கொண்டுவரும். கம்பெனியில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வாக்குரிமை உள்ள பங்குதாரர் கம்பெனியில் இருந்து கடனாகவோ முன்பணமாகவோ எடுத்தால், சேர்ந்திருக்கும் லாபத்தின் அளவு வரை அதைப் பங்கு ஆதாயமாகவே பார்க்கச் சட்டத்தின் பிரிவு 2(22)(இ) இடம் தருகிறது. கம்பெனி லாபத்துக்கு ஒருமுறை வரி, நீங்கள் எடுத்ததற்கு இன்னொருமுறை வரி.

வித்தியாசத்தை எண்களில் பாருங்கள். ஆட்கள் கூலி, உதிரி பாகம், ஆடிட் எல்லாம் போக 10 லட்சம் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

* சம்பளம் எதுவும் எழுதாமல் முழுவதும் கம்பெனி லாபமாக விட்டால்: பிரிவு 115பிஏஏ-யைத் தேர்ந்தெடுத்த கம்பெனிக்கு 22 சதவீதம், கூடுதல் வரி, செஸ் சேர்த்து 25.168 சதவீதம். வரி 2,51,680 ரூபாய். மீதியை நீங்கள் எடுக்கும்போது அது உங்கள் தனி வருமானத்திலும் சேரும்.
* இயக்குநர் சம்பளமாக ஆண்டுக்கு 9 லட்சம் முறையாக வங்கி வழியே எடுத்தால்: கம்பெனி லாபம் 1 லட்சம், வரி 25,168 ரூபாய். உங்களுக்கு வேறு வருமானம் இல்லையென்றால், புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை.

ஆனால் இதை மார்ச் மாதக் கடைசியில் காகிதத்தில் உருவாக்க முடியாது. ஆண்டுத் தொடக்கத்திலேயே சம்பளத்தை முடிவு செய்து தீர்மானம் எழுதி, மாதாமாதம் வங்கியில் மாற்ற வேண்டும். செய்யும் வேலைக்கு ஏற்ற நியாயமான தொகையாக இருக்க வேண்டும். பேரூராட்சிக்கு அரையாண்டுத் தொழில் வரியையும் மறக்காதீர்கள். 22 சதவீத விகிதம் தானாக வராது. ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் 10-ஐசி படிவம் போட வேண்டும். ஒருமுறை தேர்ந்தெடுத்தால் திரும்ப முடியாது.

ஆபத்து 4: நீங்கள் ஒப்பந்தக்காரரா, ஊழியரா?

ஒரே வாடிக்கையாளருக்கு வேலை செய்வது குற்றம் அல்ல. ஆனால் பேப்பரில் கம்பெனி, நடைமுறையில் ஊழியர் என்று இருந்தால் கேள்வி வரும்.

பிரிட்டனில் இதற்கென்றே 2000 ஏப்ரல் முதல் 'ஐஆர்35' என்ற விதி இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஒருவரின் சொந்த உழைப்பு வருமானத்தில் 80 சதவீதமோ அதற்கு மேலோ ஒரே வாடிக்கையாளரிடம் இருந்து வந்தால் தனிச் சோதனைகள் உண்டு. இந்தியாவில் அப்படித் தனிப் பிரிவு இல்லை. இங்கே நீதிமன்றங்கள் உறவின் உண்மைத் தன்மையைப் பார்க்கின்றன.

உச்ச நீதிமன்றம் 1956 இல் தராங்கத்ரா கெமிக்கல் வொர்க்ஸ் வழக்கில் சொன்னது இன்றும் பேசப்படுகிறது. குஜராத் பகுதியில் உப்பளத்தில் வேலை செய்த 'அகரியா'க்கள் தாங்களே உதவிக்கு ஆள் வைத்துக்கொண்டார்கள். விளைந்த உப்பின் அளவுக்கு ஏற்ப கூலி வாங்கினார்கள். அவர்கள் சுயேச்சையான ஒப்பந்தக்காரர்கள் என்றது நிர்வாகம். வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்ற கட்டுப்பாடு நிர்வாகத்திடம் இருந்ததால் அவர்கள் தொழிலாளர்களே என்றது நீதிமன்றம். அது தொழிலாளர் சட்ட வழக்கு. ஆனாலும் யாருடைய கட்டுப்பாட்டில் வேலை நடக்கிறது என்ற அந்தக் கேள்வி, பிடித்தம் 194சி-யிலா, சம்பளத்துக்கான பிரிவு 192-லா என்று பார்க்கும்போதும் எழுகிறது.

உங்களையே கேட்டுப் பாருங்கள்:

* லீவு எடுக்க வாடிக்கையாளரிடம் அனுமதி கேட்கிறீர்களா?
* கருவிகள் எல்லாம் அவருடையதா?
* வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும் மாதம் ஒரே தொகையா?
* உங்களுக்குப் பதில் வேறு ஆளை அனுப்ப முடியாதா?
* வேறு இடத்தில் வேலை எடுக்கக் கூடாது என்று ஒப்பந்தம் தடுக்கிறதா?

பெரும்பாலும் 'ஆமாம்' என்றால் எச்சரிக்கையாக இருங்கள். ஊழியர் என்று தீர்மானமானால் வரியைக் குறைவாகப் பிடித்த பொறுப்பு முதலில் வாடிக்கையாளருக்குத்தான் வரும். ஆனால் நீங்கள் கழித்த கம்பெனிச் செலவுகளும் கேள்விக்குள்ளாகும். அந்த நெருக்கடியில் ஒப்பந்தமே நின்றும் போகலாம்.

சரிசெய்ய வழி: என்ன வேலை, எப்போது முடிப்பது, பழுது திரும்ப வந்தால் யார் செலவு என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். சொந்தக் கருவி, சொந்த ஆட்கள், பில்லில் செய்த வேலையின் விவரம் இருக்கட்டும். சின்னதாக இருந்தாலும் இரண்டாவது, மூன்றாவது வாடிக்கையாளரைத் தேடுங்கள். எழுதியது மட்டும் போதாது, நடப்பதும் அப்படியே இருக்க வேண்டும்.

கைபேசியில் ஒரு நாட்காட்டி

* ஒவ்வொரு மாதம்: ஜி.எஸ்.டி. பங்கைத் தனிக் கணக்குக்கு மாற்றுதல், இயக்குநர் சம்பளம், நிலுவைப் பில் பட்டியல்.
* ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15: முன்கூட்டிய வருமான வரி. ஆண்டு வரியில் முறையே 15, 45, 75, 100 சதவீதம் அந்தத் தேதிக்குள் கட்டியிருக்க வேண்டும்.
* ஆகஸ்ட், நவம்பர், பிப்ரவரி, ஜூன் முதல் வாரம்: 26ஏஎஸ் சரிபார்ப்பு.
* அக்டோபர் 31: கம்பெனியின் வருமான வரி ரிட்டர்ன்.

கேள்வி – பதில்

*கம்பெனியில் லாபமே குறைவு. 2 சதவீதப் பிடித்தத்தைக் குறைக்க முடியுமா?*
முடியும். பிரிவு 197-இன் கீழ் படிவம் 13-ஐ இணையவழியில் கொடுத்து, குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழ் கேட்கலாம். ஆண்டுத் தொடக்கத்திலேயே கேட்பது நல்லது.

*புதிய வருமான வரிச் சட்டம் வந்தால் இதெல்லாம் மாறுமா?*
1961 ஆம் ஆண்டு சட்டத்துக்குப் பதிலாக 2025 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. பிரிவு எண்கள் மாறும். வாடிக்கையாளர் பிடிப்பார், நீங்கள் சரிபார்க்க வேண்டும் என்ற அடிப்படை மாறாது.

*கம்பெனி வேண்டாம், தனிநபராகவே தொடரலாமா?*
சட்டம் தடுக்கவில்லை. வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டால், சிறிய அளவில் செய்கிறவர்களுக்குத் தனிநபர் முறையில் செலவு குறைவு. இரண்டுக்கும் ஒரு வருடக் கணக்கை ஆடிட்டரிடம் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நம் உதாரணக்காரருக்கு வருவோம். மூன்று மாத ஜி.எஸ்.டி.க்கு இருப்பு வைத்திருந்தால் ஏப்ரலில் வட்டிக்குக் கடன் வாங்க வேண்டியிருக்காது. உத்யம் எண் பில்லில் இருந்திருந்தால் 46 ஆவது நாளே வட்டி கேட்டு எழுதியிருக்கலாம். பிப்ரவரியில் 26ஏஎஸ் பார்த்திருந்தால், டி.டி.எஸ். வராமல் நிற்பதை வைத்தே ஆலை நெருக்கடியில் இருப்பது தெரிந்திருக்கும். மார்ச் பில் போடும் முன்பே பேசியிருக்கலாம். இந்தச் சரிபார்ப்புகள் எல்லாம் பத்து நிமிட வேலைதான். இன்று மாலை வேலை முடிந்து வந்ததும், முதலில் உங்கள் கம்பெனியின் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து பாருங்கள்.